ஒரு கேன் டபுள்-எக்ஸ், வெளிறிய நான்கு ரோல்கள்

குளியலறைக் கொடியில் பத்து நெகட்டிவ் ரோல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றின் கீழ்முனையிலும் துணிக்கிளிப். காய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆறு ரோல் நன்றாக வந்திருந்தது. மற்ற நான்கும் வெளிறிப்போய், நிழல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிலிம்தான் இருந்தது. கோடம்பாக்கத்துப் பேச்சில் சொன்னால், செம அண்டர், அதாவது வெளிச்சம் போதாத மாதிரி. எல்லாம் ஒரே கேனிலிருந்து வெட்டிய பிலிம், ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே மருந்து. எடுத்ததும் நான் ஒருவன்தான். பிறகு 2, 3, 5, 8 என்று எண் போட்ட ரோல்கள் மட்டும் ஏன் இப்படி?

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் குற்றமே செய்யாத பல பேரைச் சந்தேகப்பட்டேன். பிலிமை, வெயிலை, மருந்தை, கடைசியில் ஷட்டரையும். கறுப்பு வெள்ளை சினிமா நெகட்டிவை போட்டோ கேமராவில் போட ஆசைப்படும் யாரும் இதே இடத்தில் இடறலாம் என்பதால், நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

கேன் வந்த கதை

நண்பர் ஒருவர் உதவி ஒளிப்பதிவாளர். பல வருஷத்துக்கு முன் ஒரு விளம்பரப் படத்துக்கு வாங்கி மிஞ்சிய ஒரு கேன், டேப் பிரிக்காமல் அவர் வீட்டு அலமாரியில் கிடந்தது. "அண்ணே, எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு. இதை நான் என்ன பண்றது? நீங்க ஸ்டில் போட்டுப் பாருங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். லேபிளில் ஈஸ்ட்மன் டபுள்-எக்ஸ் 5222, 400 அடி என்று இருந்தது.

டபுள்-எக்ஸ் 1959இல் வந்த கோடாக் பிலிம். பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் உணரும் என்பதைத்தான் வேகம் என்பார்கள்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். கோடாக் சொல்லும் வேகம் பகல் வெளிச்சத்தில் 250, டங்ஸ்டன் விளக்கில் 200. பல்பு வெளிச்சத்தில் நீலம் குறைவு என்பதால் இந்த வித்தியாசம். 400 அடி என்றால் சுமார் 122 மீட்டர். ஓர் அடியில் 64 துளைகள். போட்டோ கேமராவின் ஒரு ஃபிரேமுக்கு 8 துளை. ஆக ஓர் அடிக்கு 8 படம். முன்னும் பின்னும் வீணாவதைக் கழித்தால் 36 படத்துக்கு ஐந்தரை அடி போகும். கேன் முழுவதும் ஏறக்குறைய 70 ரோல் தேறும்.

சினிமா பிலிமை ஸ்டில்லுக்குப் போடுவது ஏதோ புதுக் கிறுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. ஜெர்மனியின் வெட்ஸ்லரில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஓஸ்கர் பார்னாக் முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்பு ஒரு சின்னக் கேமரா செய்தார். அதில் போட்டது சினிமா பிலிம்தான். 18-க்கு 24 மில்லிமீட்டர் சினிமா ஃபிரேம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் இன்றைக்கு உலகமே பயன்படுத்தும் 24-க்கு 36. அந்தக் கேமரா 1925இல் லைகா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் அதை வாங்கியவர்கள் இருட்டில் பிலிமை வெட்டி, தாங்களே கேசட்டில், அதாவது கேமராவுக்குள் வைக்கும் சின்ன பிலிம் டப்பாவில், சுற்றிப் போட்டுக்கொண்டார்கள். கம்பெனியே சுற்றித் தரும், எடுத்து முடித்ததும் தூக்கிப் போடும் கேசட்டைக் கோடாக் 1934இல்தான் கொண்டுவந்தது. அதாவது நான் குளியலறையில் செய்த வேலை போட்டோக்கலையின் பழைய வழக்கம். அந்தக் கேசட்தான் இந்தக் கதையின் வில்லன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

போட்டோ பிலிமோடு ஒப்பிட்டால் இரண்டு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. முதலாவது துளையின் வடிவம். சினிமா கேமரா நெகட்டிவின் துளை மேலும் கீழும் நேர்கோடாக, இரு பக்கமும் வளைந்து பீப்பாய் போல இருக்கும்; போட்டோ பிலிமின் துளை முனை மழுங்கிய செவ்வகம், கொஞ்சம் உயரம் அதிகம். துளைக்குத் துளை இடைவெளி இதில் 4.740 மில்லிமீட்டர், அதில் 4.750. பார்க்கப் பயமாக இருந்தாலும் என் கேமராவின் பல்சக்கரம் இதைப் பொருட்படுத்தவே இல்லை. இரண்டாவது, பிலிமின் அடித்தளம். டெவலப் செய்து, படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஹைப்போவில் போட்ட பிறகும் இந்த பிலிம் சாம்பல் நிறமாகவே இருக்கும். வெளிச்சம் பிலிமின் முதுகில் பட்டுத் திரும்பிப் பரவாமல் இருக்கப் போட்ட சாயம் அது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

வண்ண சினிமா நெகட்டிவின் முதுகில் வெகுகாலம் ஒரு கரிப்பூச்சு இருந்தது. அதைக் கழுவி எடுக்காமல் சாதாரண மெஷினில் விட்டால் மெஷின் மருந்து முழுவதும் பாழ். அந்தப் பயத்தில் சில கடைகள் 'சினிமா பிலிம்' என்ற வார்த்தையைக் கேட்டதுமே கையை விரித்துவிடுகின்றன. நான் கேட்ட ஒரு கடையிலும் அதுதான் நடந்தது. கறுப்பு வெள்ளை டபுள்-எக்ஸில் அந்தக் கரி கிடையாது. சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. சரி, வீட்டிலேயே கழுவுவோம் என்று முடிவெடுத்தேன்.

இருட்டில் 400 அடி

கேசட்டில் சுற்றப் பயன்படும் பல்க் லோடர் 100 அடி மட்டுமே கொள்ளும். 400 அடியை முழு இருட்டில் நான்காகப் பிரித்தாக வேண்டும். வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கைவிட்டுச் செய்கிற வேலை இல்லை இது. ராத்திரி பதினொரு மணிக்குக் குளியலறையில் உட்கார்ந்து, கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்து, வென்டிலேட்டரை அட்டையால் மறைத்தேன். 100 அடி சுற்றினால் எவ்வளவு கனம் வரும் என்பதை ஒரு பழைய ரோலில் முன்பே அளந்து, ஓர் அட்டைத் துண்டை அந்த அளவுக்கு வெட்டி வைத்திருந்தேன். சுற்றச் சுற்ற, இருட்டில் அந்த அட்டையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வைகாசி மாதச் சென்னையில், மூடிய அறையில், மின்விசிறி இல்லாமல் முக்கால் மணி நேரம். புருவத்திலிருந்து வியர்வை இறங்குவது தெரிகிறது, துடைக்கக் கை இல்லை. பஞ்சுக் கையுறை பத்தே நிமிடத்தில் நனைந்துவிட்டது. ஏசி அறையில் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். வறண்ட காற்றில் பிலிமை வேகமாக இழுத்தால் உரசலில் மின்பொறி பறக்கும். கழுவிய பிறகு அது நெகட்டிவில் கிளை விட்ட மரம் மாதிரி பதிந்திருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தத் தொல்லை மட்டும் இல்லை. ஏதோ ஒரு விதத்தில் ஆறுதல்.

காலி கேசட்டுக்கு எங்கள் பேட்டையில் இன்னும் பிலிம் கழுவும் ஒரு கடையில் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கொடுத்தார்கள். மஞ்சள், பச்சை, ஊதா என்று பலவிதமான வண்ண பிலிமின் கேசட்டுகள். ஒவ்வொன்றிலும் பழைய பிலிம் ஒரு விரற்கடை நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் நம் பிலிமை டேப்பால் ஒட்டி, லோடரில் மாட்டிச் சுற்றினால் ரோல் தயார். முதல் 100 அடியில் பத்துக் கேசட் சுற்றினேன். கையில் அகப்பட்டதை எடுத்துச் சுற்றினேனே தவிர எந்தக் கேசட் எது என்று பார்க்கவில்லை. ரோலுக்கு எண் போட்டது கூடப் படம் எடுக்கும்போதுதான்.

31 டிகிரித் தண்ணீர்

சினிமா லேப்களில் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குப் பயன்பட்ட டெவலப்பர் கோடாக்கின் டி-96. அதன் கலவை வெளிப்படையானது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 1.5 கிராம், சோடியம் சல்பைட் 75 கிராம், ஹைட்ரோகுவினோன் 1.5 கிராம், போராக்ஸ் 4.5 கிராம், பொட்டாசியம் புரோமைடு 0.4 கிராம். போட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த டி-76இல் ஹைட்ரோகுவினோன் 5 கிராம். டி-96 அதைவிடச் சாந்தமானது, கான்ட்ராஸ்ட்டை மெதுவாக ஏற்றும். இன்னொரு வேடிக்கை, 'ஸ்டில் டெவலப்பர்' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த டி-76ஐயும் 1920களில் கோடாக் ஆய்வகத்தில் சினிமா வேலைக்காகத்தான் உருவாக்கினார்கள்.

பாரிமுனையில் கெமிக்கல் கடைகளில் அலைந்தால் இவை எல்லாம் கிடைக்கும். 0.4 கிராம் புரோமைடை நிறுக்கத்தான் நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. மெட்டால் முதலில் கரைய வேண்டும், சல்பைட் பிறகு. சல்பைட்டை முழுவதும் முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும்.

உண்மையான தொல்லை குழாய்த் தண்ணீர். எங்கள் வீட்டு மேல்தொட்டித் தண்ணீர் பகலில் 35 டிகிரியைத் தொடும், நள்ளிரவில் கூட 31. டி-96க்கு வேண்டியது 21. சூட்டுக்குத் தகுந்த மாதிரி நேரத்தைக் குறைத்தால் போதுமே என்று ஒரு சோதனைத் துண்டை 31 டிகிரியில் மூன்றரை நிமிடம் கழுவினேன். துளைகளின் ஓரத்திலிருந்து ஃபிரேமுக்குள் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து சமமாகப் பரவ நேரம் இருக்காது, டேங்கை ஆட்டும்போது துளை வழியாகப் பீறிடும் மருந்து அந்த இடத்தை மட்டும் அதிகமாகக் கறுக்க வைத்துவிடும். அப்புறம்தான் ஐஸுக்கு மாறினேன். ஒரு வாளித் தண்ணீரில் ஐஸ்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மிதக்கவிட்டு, அதற்குள் டெவலப்பர், ஹைப்போ, அலசும் தண்ணீர் மூன்றையும் பாட்டிலோடு நிறுத்தி வைப்பது. ஐஸை நேரடியாக மருந்தில் போடக் கூடாது, மருந்து நீர்த்துவிடும். 21 டிகிரியில் 7 நிமிடம் என்று முடிவானது.

டேங்கில் ஒரு தடவைக்கு இரண்டு ரோல். 1-2, 3-4, 5-6, 7-8, 9-10 என்று ஐந்து ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் புது மருந்து. இந்தப் பழக்கம் பின்னால் கைகொடுத்தது.

யார் மேல் சந்தேகம்

முதல் சந்தேகம் கேன் மேல். பல வருஷம் சென்னை அலமாரியில் வெந்த பிலிம். சூட்டில் பிலிம் தானாகக் கொஞ்சம் கறுக்கும், வேகமும் குறையும். வெளிறாத ஆறு ரோலிலும் பிலிம் தளம் சாம்பலாக இருந்ததைப் பார்த்ததும், போச்சு, ஃபாக் ஆகிவிட்டது என்று முடிவு கட்டினேன். ஹைப்போ சரியாக வேலை செய்யவில்லையோ என்று இரண்டு ரோலை மறுபடி ஹைப்போவில் ஊறவும் போட்டேன். நிறம் மாறவில்லை. லேப்பில் முப்பது வருஷம் நெகட்டிவ் கழுவிய ஒரு பெரியவரிடம் போனில் கேட்டபோது சிரித்தார். "தம்பி, அது சாம்பலாத்தான் இருக்கும். அதுக்காக இன்னொரு தரம் ஹைப்போவா? ஒரு துண்டை டெவலப் பண்ணாம நேரா ஹைப்போல போடு. இன்னொரு துண்டை டெவலப் பண்ணிப் போடு. ரெண்டையும் வச்சுப் பாரு."

இதைவிட எளிய சோதனை கிடையாது. இருட்டில் இரண்டு விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்று நேராக ஹைப்போவுக்கு. அது வெறும் தளத்தின் நிறத்தைக் காட்டும். மற்றது டெவலப்பர் வழியாக. அது தளமும் ஃபாக்கும் சேர்ந்த நிறத்தைக் காட்டும். இரண்டையும் லைட்பாக்ஸ் மேல் வைத்து கேமராவின் ஸ்பாட் மீட்டரால் அளந்தேன். வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது; நெகட்டிவில் அது 0.3 அடர்த்தி, ஆகவே ஃபாக் சுமார் 0.1. வயசான பிலிமுக்கு இது ஒன்றும் மோசமில்லை. சாம்பல் நிறத்தின் பெரும்பகுதி பிறவியிலேயே வந்தது.

இருந்தும் கேனை முழுதாக விடுவிக்க மனம் வரவில்லை. சூடு கேனின் ஒரு பகுதியை மட்டும் தாக்கியிருக்கலாம் இல்லையா? அங்கேதான் சினிமா பிலிமுக்கே உரிய ஒரு வசதி உதவிக்கு வந்தது. போட்டோ பிலிமின் ஓரத்தில் 1, 1ஏ, 2, 2ஏ என்று ஃபிரேம் எண் இருக்கும். இதில் அது இல்லை. அதற்குப் பதிலாக எடிட்டிங்குக்காக ஓர் அடிக்கு ஓர் எண், தொழிற்சாலையிலேயே ஓரத்தில் பதித்துவிடுகிறார்கள். அடிக்கு அடி அது ஒன்று கூடிக்கொண்டே போகும். என் ஒவ்வொரு ரோலிலும் ஐந்தாறு எண்கள் அகப்பட்டன. அவற்றைக் குறித்து வரிசைப்படுத்தியதும், கேனுக்குள் இந்தப் பத்து ரோலும் எந்த வரிசையில் இருந்தன என்று தெரிந்துவிட்டது: 4, 1, 8, 6, 2, 9, 10, 5, 7, 3. வெளிறிய நான்கும் சேர்ந்தாற்போல இல்லை; நடுநடுவே நல்ல ரோல்கள். சூட்டால் கெட்டிருந்தால் பக்கத்துப் பக்கத்து ரோல்கள் சேர்ந்து கெட்டிருக்க வேண்டும். கேன் நிரபராதி.

அதே ஓர எண்கள் இரண்டாவது சந்தேகத்தையும் தீர்த்தன. அந்த எண்களைப் பதிப்பது தொழிற்சாலை வெளிச்சம். என் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டெவலப்மென்ட் போதவில்லை என்றால் படத்தோடு சேர்ந்து எண்ணும் வெளிறும். லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெளிறிய 3ஆம் ரோலின் ஓர எண்ணும், நன்றாக வந்த 4ஆம் ரோலின் ஓர எண்ணும் ஒரே கறுப்பு. போதாததற்கு இரண்டும் ஒரே டேங்கில், ஒரே மருந்தில், ஒரே நேரத்தில் கழுவியவை. 1-2, 5-6, 7-8 ஜோடிகளிலும் இதே கதை, ஒன்று நல்லது ஒன்று வெளிறியது. மருந்தும் நிரபராதி. இதை முதல் நாளே பார்த்திருக்கலாம். நெகட்டிவ் வெளிறினால் முதலில் ஓர எழுத்தைப் பார் என்பது லேப்காரர்களுக்குப் பால பாடம், நான்தான் படம் பார்க்கிற ஆசையில் ஓரத்தைப் பார்க்கவில்லை.

மிச்சம் இருப்பது எக்ஸ்போஷர். ஷட்டர் அவ்வப்போது வேகமாக ஓடுகிறதோ என்று ஒரு சந்தேகம். ஆனால் 5ஆம் ரோலும் 6ஆம் ரோலும் காசிமேட்டில் ஒரே காலையில், ஒன்று முடிந்த கையோடு அடுத்தது என்று எடுத்தவை. 5இல் எல்லாப் படமும் ஒரே அளவு அண்டர். 6இல் எல்லாமே சரி. ஷட்டர் தகராறு செய்தால் ரோல் மாறும் நேரம் பார்த்தா திருந்தும்? இரண்டுக்கும் நடுவே நான் செய்த காரியம் ஒன்றே ஒன்று, ரோலை மாற்றியது.

கேசட்

ஒன்பதாம் நாள் 11ஆம் ரோலைப் போடும்போது, தற்செயலாகக் கேமராவின் மேல்திரையைப் பார்த்தேன். பின்கதவை மூடியதும் ஒரு கணம் 400 என்று எழுத்து மின்னி மறைந்தது. நான் முதல் நாளே 250 என்று செட் செய்து வைத்திருந்தேனே?

கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் வெள்ளிக் கட்டம், கறுப்புக் கட்டம் என்று மாறி மாறி ஒரு சதுரங்கப் பட்டை. 1983இல் கோடாக் கொண்டுவந்த டிஎக்ஸ் குறியீடு. வெள்ளிக் கட்டத்தில் மின்சாரம் பாயும், கறுப்பில் பாயாது. கேமராவின் கேசட் அறையில் குண்டூசித் தலை மாதிரி இருக்கும் தொடுமுனைகள் அதைத் தடவி பிலிமின் வேகத்தைப் படித்துவிடும். என்னுடையது தொண்ணூறுகளில் வந்த ஆட்டோஃபோகஸ் கேமரா. கேசட்டில் டிஎக்ஸ் இருந்தால் நான் செட் செய்ததை மதிக்காமல், ஒவ்வொரு முறையும் கேசட் சொல்வதையே எடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பது டபுள்-எக்ஸ் என்று அதற்கு எப்படித் தெரியும்? வெளியே இருப்பது யாரோ கல்யாணத்துக்கு எடுத்த வண்ண பிலிமின் சட்டை.

கழுவிய கேசட்டுகளை நல்ல வேளையாகக் குப்பையில் போடவில்லை. ரோல் எண் எழுதிய டேப்போடு டிராயரில் கிடந்தன. எடுத்து மேஜையில் அடுக்கினேன். 2, 3, 5, 8 நான்கும் 400 வேக வண்ண பிலிமின் கேசட். மற்ற ஆறும் 200. கதை அவ்வளவுதான்.

ஆனால் 250க்கும் 400க்கும் மூன்றில் இரண்டு ஸ்டாப்தானே வித்தியாசம், அதற்கா இவ்வளவு வெளிறும் என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதற்காக ஒரு சோதனை. சாம்பல் அட்டை ஒன்றை நிழலில் வைத்து, மீட்டர் காட்டுவதைவிட நான்கு ஸ்டாப் குறைத்து, 400, 320, 250, 200, 160, 125 என்று ஆறு வேகத்துக்கும் ஒவ்வொரு படம் எடுத்தேன். ஆழ்ந்த நிழலின் முதல் அடையாளம் இங்கேதான் தெரியும். அந்த ஃபிரேம் வெற்று பிலிமைவிட 0.1 அடர்த்தி, அதாவது லைட்பாக்ஸில் மூன்றில் ஒரு ஸ்டாப், கறுத்திருந்தால் அதுதான் பிலிமின் உண்மையான வேகம். என் கேனுக்கு அது 160இல் வந்தது. வயசும் சூடும் சேர்ந்து தின்றது போக மிச்சம் அவ்வளவுதான். 200 கேசட்டில் போனவை மூன்றில் ஒரு ஸ்டாப் மட்டும் குறைந்தன, கண்ணுக்குத் தெரியவில்லை. 400 கேசட்டில் போனவை ஒன்றே காலுக்கும் மேல் குறைந்தன. நிழல் முழுவதும் காலி.

கடையில் 36 பட ரோல் வாங்கும்போது பிலிமுக்கு மட்டும்தான் காசு கொடுக்கிறோம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காசில் சரியான டிஎக்ஸ் பட்டை இருக்கிறது, ஃபிரேம் எண் இருக்கிறது, தூசியில்லாத வெல்வெட் வாய் இருக்கிறது, இருட்டில் வேறு யாரோ சுற்றிய உழைப்பு இருக்கிறது. கேனாக வாங்குகிறவன் இந்த வேலைகளை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். என் பிலிம் ஒரு தப்பும் செய்யவில்லை. தொழிற்சாலை செய்யும் வேலையில் ஒன்றை நான் செய்ய மறந்தேன்.

வெல்வெட் என்றதும் நினைவுக்கு வருகிறது. 7ஆம் ரோலிலும் 10ஆம் ரோலிலும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை தண்டவாளம் போட்ட மாதிரி நீளக் கீறல். கேசட் வாயின் வெல்வெட்டில் சிக்கிய ஒரே ஒரு மணல் துகளின் வேலை. இப்போது ஒரு கேசட்டை இரண்டு தடவைக்கு மேல் பயன்படுத்துவதில்லை, ஒவ்வொரு முறையும் வாயில் ஒட்டுடேப்பை ஒட்டி உரித்துத் தூசி எடுக்கிறேன். டிஎக்ஸ் பட்டை மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். பட்டையைப் படிக்க முடியாவிட்டால் பெரும்பாலான கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே ரோல் போட்டதும் கையால் 160 வைக்க வேண்டும். இது மறந்தாலும் பரவாயில்லை. மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தை இந்த பிலிம் தாங்கிக்கொள்கிறது. குறைத்தால்தான் மன்னிக்காது.

அடுத்த பதினெட்டு ரோல்

முதல் 100 அடியில் மிச்சமிருந்த எட்டு ரோலும், இரண்டாவது 100 அடியில் சுற்றியதில் பத்தும் 160இல் எடுத்தேன். ஒன்று கூட வெளிறவில்லை.

அதில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை, விடிகாலை ஐந்தரை. தலைக்கு மேல் ஒரே ஒரு குண்டு பல்பு. மாஸ்டர் டீயை ஆற்றுகிறார், மேல் டம்ளருக்கும் கீழ் டம்ளருக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்கு டீ நூலாக நிற்கிறது. 1/60, எஃப் 2. பிரிண்டில் அவருடைய பனியனின் மடிப்பு, பின்னால் கரி பிடித்த சுவரில் ஒட்டிய பழைய காலண்டரின் தேதிக் கட்டங்கள் வரை தெரிகின்றன. பல்பைச் சுற்றியும் எவர்சில்வர் டம்ளரின் விளிம்பிலும் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் கசிந்து பூசினாற்போல் இருக்கிறது. சாம்பல் தளம் திருப்பிப் பரவும் வெளிச்சத்தை முழுவதும் அடக்கிவிடாது. இவ்வளவு பலமான வெளிச்சம் என்றால் கொஞ்சம் தப்பித்துவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் தெருவிளக்கைச் சுற்றிப் பார்த்த அந்தப் பூச்சு. சிலர் இதற்காகவே இந்த பிலிமைத் தேடுகிறார்கள். எனக்கு டீக்கடையில் பிடித்திருந்தது, உச்சி வெயிலில் வெள்ளைச் சுவர் ஓரத்தில் பிடிக்கவில்லை.

பகல் வெயிலில் இது முரட்டு பிலிம் என்று சொல்லக் கேட்டிருந்தேன். 160இல் வைத்து, டி-96இல் 7 நிமிடத்தோடு நிறுத்தினால் அப்படி இல்லை. சினிமா நெகட்டிவின் கான்ட்ராஸ்ட்டை லேப்களில் 0.65 காமா என்று ஒரு கட்டுக்குள் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அது போய்ச் சேருவது தியேட்டரில் ஓட்டும், மிகக் கான்ட்ராஸ்ட்டான பாசிட்டிவ் பிலிமுக்கு. நமக்கு அந்தப் பாசிட்டிவ் கிடையாது, பிரிண்ட் பேப்பர்தான். சாதாரண கான்ட்ராஸ்ட் தரும் இரண்டாம் கிரேடு பேப்பரில் என் நெகட்டிவ்கள் சிரமமில்லாமல் உட்கார்ந்தன. ஸ்கேனில் முதல் பார்வைக்குச் சப்பென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து அடுத்த தடவை நேரத்தைக் கூட்டிவிடக் கூடாது.

அந்த நான்கு ரோலில் 5ஐ மட்டும் கான்ட்ராஸ்ட் அதிகமான நான்காம் கிரேடு பேப்பரில் அடித்துப் பார்த்தேன். படகுகளின் மேல்பகுதி, வலை உலர்த்துகிறவர்களின் தோள், தண்ணீர் மின்னல் எல்லாம் வந்தன. படகின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பாட்டி வரவில்லை. அங்கே ஒருவர் இருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மறுபடி போய்த் தேடினேன், அந்த இடத்தில் வேறு படகு நின்றது.

இன்னொரு சின்ன நஷ்டம், இது எல்லா ரோலிலும் தவறாமல் நடக்கும். கேசட் வாலில் டேப் ஒட்டும்போது பிலிமின் அந்த முனை வெளிச்சம் பார்த்துவிடும்; ரோலின் கடைசிப் படங்கள் விழுவது அங்கேதான். 35ஐத் தாண்டினால் படம் பாதியில் கறுத்துப்போகும். டபுள்-எக்ஸ் போட்ட நாளில் நல்ல காட்சி 35க்குள் கிடைத்தாக வேண்டும். கிடைத்த மாதிரி நினைவு இல்லை.

மீதி 200 அடி இரண்டு சுருளாக, கறுப்புப் பையில் சுற்றி, டப்பாவில் டேப் போட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே எடுத்தால் நான்கு மணி நேரமாவது மூடியைத் திறக்கக் கூடாது, குளிர்ந்த பிலிம் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். போன வாரம் அம்மா கேட்டார், "அது கெட்டுப்போகாதா?" கெட்டுத்தான் போகும்மா, மெதுவாக என்றேன். அடுத்த 100 அடியைத் திறக்கும்போது 160இலிருந்தும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். சாம்பல் அட்டையை மறுபடி எடுக்க வேண்டும்.